அண்ணனின் காரிலிருந்து கழற்றிய பேட்டரி

என் அண்ணன் பிரான்சில் இருக்கிறான். வருடத்தில் பத்து மாதம் அங்கே, பொங்கல் முடிந்து ஈஸ்டர் வரைக்கும் இங்கே. முன்பெல்லாம் யாரிடம் பேசினாலும் 'அண்ணன் வந்தார், அண்ணன் சொன்னார்' என்றுதான் சொல்வேன். இதை எழுதும்போது கை அப்படி வளைய மறுக்கிறது. அதனால் 'ன்' போட்டே எழுதுகிறேன்.

இங்கே இருக்கும் அந்தக் கொஞ்ச நாளுக்காக அவன் ஒரு கார் வைத்திருந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சென்னையில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்ததை வாங்கி, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தினான். எங்கள் தெருவில் இருக்கும் இரண்டு வேகத்தடையிலும் அதன் வயிறு உரசும். பைபாஸ் ரோட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டுவான். அப்புறம் விழுப்புரம் வரைக்கும் ஒரே சத்தம்தான். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரை அந்த சீட்டிலிருந்து எழுப்பி வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில்தான் போவார். மாதா கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க இறங்குவதில் அவருக்கு ஒரு பெருமை.

அப்பா முப்பது வருடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் மெஷின் ஓட்டியவர். அந்தத் தூசு அத்தனையும் அவருடைய நெஞ்சில்தான் இறங்கியிருக்க வேண்டும். இந்த நாலைந்து வருடமாக அவருக்கு ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. மூக்கில் ட்யூப் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் அவருடைய உலகம் முடிந்துவிடும். அண்ணன் ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் மட்டும் சின்ன சிலிண்டரோடு காரில் ஏறுவார். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால், 'அவள் வீட்டில்தானே இருக்கிறாள்' என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில். அப்பாவை யார் பார்ப்பது? அவள் வீட்டில்தானே இருக்கிறாள். காரை யார் பார்ப்பது? அவளேதான்.

காரைப் பார்ப்பது என்றால் துணி போட்டு மூடி வைப்பது என்று நினைத்தேன். அது இல்லை. பிரான்சில் குளிர்காலம் வந்தால் இந்த மாதிரிக் கார்களை வெளியே எடுக்க மாட்டார்களாம். நாலைந்து மாதம் நின்றே கிடக்குமாம். ஓடாமல் நின்றாலும் உள்ளே கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்குமாம். ஒரு தடவை முழுதாக இறங்கிவிட்டால் பேட்டரி அவ்வளவுதான், திரும்ப உயிர் வராதாம். அதனால் அங்கிருந்தே ஒரு சின்ன சார்ஜர் கொண்டுவந்தான். பேட்டரி குறைந்தால் சிவப்பு விளக்கு, நிறைந்தால் பச்சை. தானே ஏற்றும், தானே நிறுத்தும்.

"அங்க வின்டர்ல எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. நீயும் அதே மாதிரி பண்ணிடு, போதும்" என்றான்.

"இங்க வின்டர் எங்கண்ணா இருக்குது? மழைதான் இருக்குது. மழ வந்தா கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லன்னா உங்க சார்ஜர் என்ன பண்ணும்?"

"அதான் மீட்டர் குடுத்திருக்கேனே. வாராவாரம் வச்சிப் பாரு."

பார்த்தேன். மூன்று மழைக்காலம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அப்பாவுக்கு இட்லி கொடுத்துவிட்டு, ஷெட்டைத் திறப்பேன். எலி வயரைக் கடிக்காமல் இருக்க வைத்த பூச்சி உருண்டை வாசனை மூஞ்சியில் அடிக்கும். பின்பக்க டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கினால் பேட்டரி. மீட்டரின் சிவப்பு முனையை ஒரு பக்கம், கறுப்பு முனையை இன்னொரு பக்கம் வைத்து நம்பரைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஆறுக்குக் கீழே போகக்கூடாது. அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பிய அரை மணியில் போன் வரும்.

"புள்ளி ஆறு அஞ்சுதான் காட்டுது? போன வாரம் புள்ளி ஏழு இருந்துதே. டிக்கி லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துதா?"

இதெல்லாம் முடிந்த பிறகு, "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அங்கே யாராவது அவனைக் கூப்பிடுவார்கள்.

அப்பாவுக்கும் நான் நம்பர் எடுப்பேன். விரலில் மாட்டும் மெஷினில் ஆக்சிஜன் அளவு. அது தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டை அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்போது எனக்கு இது கோபமாக வரவில்லை என்பதுதான் இப்போது கோபமாக வருகிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பேட்டரியைக் கழற்றும்போது கறுப்பு முனையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் லேபில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது வருடம், பாவம் சும்மாவே நிற்கிறதே என்று ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினேன். அதற்கு அவன் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே அப்பாவுக்குக் கேட்டது. ஸ்டார்ட் பண்ணும்போது குடித்த கரண்டை ஐந்து நிமிடத்தில் திருப்பி ஏற்ற முடியாதாம், அதற்குப் பதில் தொடாமலே இருந்திருக்கலாமாம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆம், கேட்டேன்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று கிளம்பியதும் கரண்ட் போனது. ஆக்சிஜன் மெஷினை இன்வெர்ட்டரில் போட்டேன். விட்டுவிட்டுப் போட்டு, அப்பா தாங்கும் வரைக்கும் நிறுத்தி, மறுபடி போட்டு, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் இழுத்தேன். ஞாயிறு விடியும்போது இன்வெர்ட்டர் செத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு சின்ன சிலிண்டர். அதன் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தெருவில் தொடை வரைக்கும் தண்ணீர். சமையல்கட்டில் கணுக்கால் வரைக்கும். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். ஷெட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. அண்ணன் ஷெட்டின் தரையை வீட்டுத் தரையைவிட ஒரு அடி உயர்த்திக் கட்டச் சொல்லியிருந்தான். கட்டும்போது நானே நின்று மேஸ்திரியிடம் சொன்னேன், "அண்ணன் சொன்ன அளவு குறையக் கூடாதுங்க" என்று. அன்றைக்கு அந்தக் காய்ந்த தரையைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

ஆம்புலன்சுக்குப் போன் கிடைக்கவே இருபது தடவை அடிக்க வேண்டியிருந்தது. எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். "ரோட்டுல தண்ணி போயிக்கினு இருக்குதும்மா. சுத்திக்கினு வரணும். ரெண்டு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் ஆக்சிஜன் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சிலிண்டர் அரை மணிகூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் விரலில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்தாறு. உதடு நீலம் பூத்திருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது, கூடவே அண்ணனிடமிருந்து ஒரு மெசேஜ். அப்பாவைப் பற்றி என்று நினைத்துத்தான் திறந்தேன்.

'அங்க கரண்ட் இல்லன்னு நியூஸ்ல பாத்தேன். சார்ஜர பிளக்ல இருந்து உருவிடு. கரண்ட் திரும்ப வரப்ப ஹை வோல்டேஜ் வரும்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே வேறு ஒன்றும் இல்லை. இன்னும் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை.

நான் கத்தவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

கறுப்பு முனையை முதலில் கழற்றினேன். அப்புறம் சிவப்பு. பேட்டரியைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றினேன். தூக்கினால் அசையவில்லை, இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். வாசலுக்குப் போய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் செங்கல் லாரி ஓட்டுகிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்.

"என் வண்டி கெடார் ஊருகிட்ட வெள்ளத்துல மாட்டிக்கினு நிக்கிதும்மா. இங்க இருந்திருந்தா அந்த பேட்டரியவே கழட்டிக் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு டிக்கிக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்க அண்ணனுதாச்சே. கேட்டீங்களா?"

"நான் கேக்கலங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

இருவரும் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுத் தண்ணீரில் நடந்து கூடத்துக்கு வந்தோம். ஸ்டூல் மேல் வைத்தோம். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வயர்களைக் கழற்றினேன். அவற்றின் முனை இந்தப் பேட்டரியில் பொருந்தவில்லை. அண்ணனின் கார் டூல் பையிலிருந்த ஜம்பர் கிளிப்புகளால் கவ்வி மாட்டினேன். சிவப்பு, அப்புறம் கறுப்பு. இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டபோது கை ஈரமாக இருக்கிறதே என்ற நினைப்பு வந்தது, ஆனால் அதற்குள் போட்டுவிட்டேன். மெஷின் ஒரு தடவை உறுமி, மூச்சு விட ஆரம்பித்தது.

எதிர்வீட்டுக்காரர் "ஜல்தி, ஜல்தி, ட்யூப மாட்டுங்க" என்றார்.

மாட்டினேன். எண்பத்தொன்று வரைக்கும் போயிருந்தது. எண்பத்தைந்து ஆனது. எண்பத்தொன்பது ஆனது. நான் அப்பாவின் விரலையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்குக் கீழே போய்விட்டது. அது நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் நான் காவல் காத்த நம்பர் என் கண் முன்னால் சரிந்தது. இறங்கட்டும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் அந்தப் பேட்டரி மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. உள்ளே வர முடியவில்லை. எதிர்வீட்டுக்காரரும் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தண்ணீரில் போனார்கள். நான் வழிக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த அந்தச் சின்ன சிலிண்டரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தார்.

மூன்றாவது நாள்தான் அண்ணனோடு ஒழுங்காகப் பேச முடிந்தது. வார்டு வராந்தாவில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்பாவைப் பற்றிக் கேட்டான், இல்லையென்று சொல்ல மாட்டேன். டாக்டர் என்ன சொன்னார், சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டான்.

"எத்தினி வோல்ட் வரைக்கும் எறங்குச்சி?" என்றான்.

"என்னண்ணா?"

"பேட்டரி. கடைசியா எத்தினி இருந்துது? பத்தரைக்குக் கீழ போவாம இருந்தா காப்பாத்திடலாம்."

"பாக்கலண்ணா" என்று சொல்லி போனை வைத்தேன். அந்த வராந்தாவில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "என்னம்மா, யாராச்சும் பூட்டாங்களா?" என்று கேட்டார். சாவு விழுந்த வீட்டுக்காரி மாதிரி என் முகம் இருந்திருக்கிறது.

பொங்கல் முடிந்து அண்ணன் வந்தான். வந்த அன்றைக்கே விழுப்புரத்திலிருந்து ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனை வரவழைத்தான். அவர் பேட்டரியைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது இன்வெர்ட்டருக்கு உண்டான பேட்டரி இல்ல சார். ஸ்டார்ட்டிங்குக்கு மட்டும்தான். இதுல போய் மணிக்கணக்குல லோடு போட்டா செத்துப்பூடும். புதுசுதான் வாங்கணும். வாங்கினாலும் உங்க கார் கம்ப்யூட்டர்ல பதியணும், இங்க அந்த வசதி இல்ல, சென்னைக்குத்தான் ஏத்திக்கினு போவணும்" என்றார்.

அண்ணன் ஷெட் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். எலெக்ட்ரீஷியன் போனதும் கூடத்துக்கு வந்தான். நான் அப்பாவுக்குக் கேப்பைக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா எதிர்வீட்ல, சர்ச்ல, எங்கயாச்சும் ஒரு ஜெனரேட்டருக்கு ஏற்பாடு பண்ணியிருப்பேன். எனக்கு ஆளுங்க இருக்காங்க" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா வாயிலிருந்த கூழை விழுங்கினார். மூக்கு ட்யூபைச் சரி செய்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதப்பா. என்னாலதான் உன் வண்டி கெட்டுப்போச்சி" என்றார்.

கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் குரல் அப்படித்தான் இருந்தது.

அண்ணன், "அப்படிலாம் இல்லப்பா, விடுங்க" என்றான். 'விடுங்க' என்றான். மன்னித்துவிட்டான். என் கையில் கூழ் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைத்ததுதான் தெரியும், அதற்குப் பிறகு நான் பேசியது தெருவுக்கே கேட்டதாக எதிர்வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

"அன்னிக்கி நீ அனுப்பின மெசேஜ எடு. எடுத்து அப்பாவுக்குப் படிச்சிக் காட்டு."

என் வாழ்க்கையில் அண்ணனை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேசற நீ? அந்த ஆக்சிஜன் மெஷினே நான் வாங்கிக் குடுத்ததுதான். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. மெஷின் நீ வாங்கின. மூச்சு திணறும்போது பக்கத்துல நிக்க என்னை வச்சிருக்க. காருக்கு மூணு வருஷமா வாராவாரம் நம்பர் கேட்டியே, அவருக்கு ஒரு வாரம் கேட்டிருக்கியா? ஷெட்டுக்குத் தரை ஒசத்தத் தெரிஞ்சுது, அவரு படுக்கிற எடத்துக்கு ஒசத்தணும்னு தோணல. எனக்கும் தோணல, என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அவரு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. பொழச்சதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு. அத நீ வாங்கிக்கினு நிக்கிற."

"நான் என்னத்த வாங்கிக்கினேன்?"

"ஒன்னியும் வேணாம். காரு இங்க இருக்கக் கூடாது. நீ திரும்பிப் போறதுக்குள்ள எடுத்துக்கினு போ."

அப்பா, "ஏம்மா, விடும்மா" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. அதைக் காட்டி அண்ணன், "பாரு, உன்னாலதான்" என்றான். அந்த வார்த்தைக்கு நான் என்ன சொல்லியிருப்பேனோ, அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருந்ததால் சொல்லவில்லை.

அண்ணன் அந்தத் தடவை சீக்கிரமே கிளம்பினான். காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிப் புது பேட்டரி போட்டான். பிறகு வளவனூரில் அவனுடைய மச்சானின் நெல் குடோனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அடுத்த தடவை வந்தபோது அவனும் அங்கேயே தங்கிக்கொண்டான். அங்கே யார் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஷெட்டில் மேஸ்திரியை வைத்து ஜன்னல் போட்டு, டைல்ஸ் ஒட்டி, அப்பாவின் கட்டிலை அங்கே மாற்றினேன். போன மழையில் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. இன்வெர்ட்டருக்கு இரண்டாவது பேட்டரி வாங்கினேன். பெரிய சிலிண்டர் ஒன்று எப்போதும் மூலையில் நிற்கிறது.

இத்தோடு கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஏனென்றால் அது அண்ணன் மேல் மட்டும் இருந்த கோபம் இல்லை. ஒருநாள் அப்பாவுக்கு ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக, "நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்மா. அவன் ஆசையா வச்சிருந்த வண்டி. இங்கயே இருந்திருந்தா அவனும் வந்துக்கினு இருந்திருப்பான்" என்றார்.

தொடை அளவு தண்ணீரில் அவரைச் சுமந்துகொண்டு போனதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு வந்ததா என்று தெரியவில்லை. எண்பத்தொன்று என்ற நம்பரை அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

"என்னைப் பாக்கறப்ப உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "உனக்கென்னம்மா, நீ இங்கதானே இருக்க" என்றார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். ட்யூபைக் காதுக்குப் பின்னால் சரியாக மாட்டிவிட்டு, ஆக்சிஜன் ஓட்டம் இரண்டு லிட்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அன்றைக்கு முதலில் வந்தவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். "என்னாச்சி மேடம், நரம்பு கெடைக்கலயா?" என்று அவர் கேட்டார். கிடைத்தது என்று சொல்லிவிட்டு, பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுக்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.